கேள்வி கேட்டுவிட்டு உட்காருங்கள்

2021-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க, போலீஸ் தொந்தரவிலிருந்து பாதுகாப்புக் கேட்டு அவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதுமுன் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். தன்பால் ஈர்ப்பு பற்றித் தமக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகவே பதிவுசெய்துவிட்டு, ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு, ஜூன் 7-ஆம் தேதி வந்த உத்தரவு, ஒருவருடைய பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றுகிறோம் என்று செய்யப்படும் எல்லா முயற்சிகளையும் தடை செய்தது. அப்படிச் செய்கிறவர்களின் தொழில் உரிமத்தைத் திரும்பப் பெறுவது வரை நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

இந்த ஒரே வழக்கில் மனநலத் துறையின் இரண்டு பக்கங்களும் தெரிகின்றன. முறையாகப் படித்த ஒருவரிடம் மனம்விட்டுப் பேசினால், சட்டத்தைக் கரைத்துக் குடித்த நீதிபதிக்கும் புதிதாக ஒன்று புரிகிறது. அதே துறையின் பெயரைச் சொல்லிக்கொண்டு, நோயே இல்லாத ஒன்றுக்குச் சிகிச்சை என்று இளம்பிள்ளைகளை நொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கவுன்சிலிங் போக நினைக்கும் ஒருவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். 'தயங்காமல் போங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி அறிவுரைதான்.

தயக்கம் பெரியது என்பதில் சந்தேகமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. பாதிப்பின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. 'எனக்கென்ன பைத்தியமா?' என்பதில் ஒரு வருடம், 'நேரம் சரியில்லை' என்பதில் ஒரு வருடம், 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்' என்பதில் இன்னும் சில வருடங்கள் என்று காலம் ஓடிவிடுகிறது. கடைசியில் ஒருவழியாக ஆலோசகர் அறைக்கு வந்து சேரும்போது மனிதர் களைத்துப் போயிருக்கிறார். யார் எதிரே உட்கார்ந்திருந்தாலும் போதும் என்ற நிலை. வீட்டுக்குக் கிரைண்டர் வாங்கும்போது உத்தரவாத அட்டையைப் புரட்டிப் பார்க்கும் அதே மனிதர், தன் மனதை ஒப்படைக்கும் இடத்தில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இது மாற வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்?' என்பது.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதித்தர அவருக்கு உரிமை உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் வேறு வழியில் வந்தவர். உளவியலில் முதுகலை முடித்து, அதன்பின் பெரும்பாலும் இரண்டு ஆண்டு எம்.பில். படிப்பில், மூத்தவர்களின் மேற்பார்வையில் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துப் பயிற்சி பெற்றவர். அவரால் மாத்திரை எழுதித்தர முடியாது. பேச்சும் பயிற்சியும்தான் அவருடைய சிகிச்சை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்தாலே, சட்டம் எழுதப்பட்ட காலத்திலேயே நின்றுவிட்டது தெரியும்.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பலகையில் 'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' என்று எழுதிக்கொள்வதற்கு நடைமுறையில் எந்தத் தடையும் இல்லை. உளவியலில் முதுகலை முடித்து, பள்ளி கல்லூரிகளில் பொறுப்பாக வேலை பார்க்கும் ஆலோசகர்கள் ஏராளம். ஆனால் வாரக் கடைசிப் பயிற்சியில் ஒரு சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொண்டவரும் அதே பெயரைத்தான் போட்டுக்கொள்கிறார். 2021-இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறது. சட்டம் வந்த வேகத்தில் பதிவேடு வரவில்லை. அதுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை, சிகிச்சைக்குப் போகிறவரின் தலையிலேயே விழுகிறது.

பட்டம் இருந்தால் போதுமா, பட்டம் இல்லாதவரெல்லாம் போலியா என்ற கேள்வியும் நியாயமானதே. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சகாக்களும் நடத்தி, 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் சொல்கிறது. உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தச் சொன்னார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் வந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். அந்த ஆலோசகர்கள் மனம்போன போக்கில் பேசவில்லை. எழுதிவைத்த ஒரு முறை இருந்தது. அவர்கள் நடத்திய அமர்வுகளைத் தொடர்ந்து அலசிப் பார்த்துத் திருத்தும் ஏற்பாடும் இருந்தது. ஆகவே பட்டத்தைக் கேட்ட கையோடு, 'உங்களை யார் மேற்பார்வை செய்கிறார்கள்?' என்றும் கேட்கலாம். நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆலோசகரைத் தேடுவதற்கு முன்பு குடும்ப மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது. எப்போதும் அசதி, எதிலும் ஈடுபாடின்மை, அதிகத் தூக்கம், ஞாபக மறதி ஆகியவை தைராய்டு குறைபாட்டிலும் வரும். ரத்தசோகையிலும் வைட்டமின் பி12 குறைவிலும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய காரணத்தை மாதக்கணக்கில் பேசிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. காதில் குரல் கேட்பது, ஊரே தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்ற உறுதியான நம்பிக்கை, நாள்கணக்கில் தூங்காமலே அளவுகடந்த உற்சாகம் ஆகியவை இருந்தால் முதலில் போக வேண்டியது மனநல மருத்துவரிடம். அங்கே மருந்துதான் அடித்தளம். பேச்சுச் சிகிச்சை அதற்குத் துணை.

கோயிலும் தர்காவும் இந்தக் கதையில் வராமல் போகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவை நம்பி மனநோயாளிகள் அழைத்துவரப்படும் ஏர்வாடியில், அவர்களுக்கான ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாடு மறக்கக் கூடாத நாள் அது. அதே ஏர்வாடியில் பின்னாளில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அரசு மனநல மருத்துவர்களே சிகிச்சை தரும் ஏற்பாடு வந்தது. வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் நிற்க வேண்டாம் என்ற அணுகுமுறை சரியானது. நம்பிக்கையைக் கேலி செய்து எந்தக் குடும்பத்தையும் மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிட முடியாது.

முதல் நாள் அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். சினிமாவில் வருவதுபோலச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துச் சிறுவயதுக் கதையைத் தோண்டுவது அரிது. பெரும்பாலும் அது கேள்வியும் பதிலுமாகப் போகும் 45 அல்லது 50 நிமிடம். தூக்கம் எப்படி, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதா, பசி குறைந்ததா, எடை இறங்கியதா, ஏற்கெனவே யாரிடமாவது காட்டியது உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார்கள். பலர் கையில் ஒரு தாளும் கொடுப்பார்கள். பி.எச்.க்யூ.-9 என்ற அந்தப் படிவத்தில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் குறிக்க வேண்டும்; அதிகபட்ச மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. பலருடைய பேனா அங்கே நின்றுவிடும். உண்மையைக் குறிப்பதுதான் நல்லது. அந்தக் கேள்வியைக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியில் சொல்ல முடியாமல் சுமந்துகொண்டிருந்தவருக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே ஆறுதல்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, 'என்ன முறையில் சிகிச்சை செய்யப்போகிறீர்கள்?' என்பது. 'சும்மா பேசிப் பார்ப்போம்' என்பது பதிலாகாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சி.பி.டி. என்ற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இன்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பரவலாகப் பயன்படுகிறது. மேலதிகாரி வணக்கத்துக்குத் தலையசைக்காமல் போனார் என்றால், 'என்னை வேலையைவிட்டுத் தூக்கப் போகிறார்கள்' என்று மனம் உடனே முடிவுகட்டும். அந்த எண்ணத்தை நோட்டில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று இரண்டு பத்திகளில் பிரித்துப் பார்க்கப் பழக்குவார்கள். வீட்டுப்பாடமும் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு மீதி ஆறு நாளும் நோட்டைத் தொடாமல் இருந்தால் பலன் குறைவுதான்.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு வேறு வழி. பஸ் கம்பியைப் பிடித்தாலே கிருமி ஒட்டிக்கொண்டது என்று தோல் உரியும்வரை கை கழுவுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதே' என்று வீட்டார் நாள் முழுக்கச் சொல்லியும் பயனிருக்காது. சொல்லச் சொல்ல மறுபடி கேட்பதுதான் அந்த நோயின் இயல்பு. தேர்ந்த உளவியலாளர் அவருடன் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுவார். கதவுக் குமிழ், ரூபாய் நோட்டு, பஸ் கம்பி, செருப்பின் அடிப்பகுதி என்று பயம் குறைந்ததிலிருந்து கூடியது வரை போகும் பட்டியல் அது. முதலில் கதவுக் குமிழைத் தொடச் சொல்வார், தானும் தொடுவார். பிறகு இருவரும் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பார்கள். 'நூறுக்கு இப்போ பதற்றம் எவ்வளவு?' என்று அவ்வப்போது கேட்பார். எண்பது என்பார், வியர்க்கும், எழுந்து ஓடத் தோன்றும். கழுவாமலே உட்கார்ந்திருக்க, எண்பது அறுபதாகி நாற்பதாகும். அடுத்த வாரம் ரூபாய் நோட்டு. லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட முயற்சியில் தொடங்கிய முறை இது, ஓ.சி.டி.க்கு இன்று முதல் நிலையில் வைக்கப்படும் பேச்சுச் சிகிச்சை. இதைப் பற்றியே தெரியாமல், பாதிக்கப்பட்டவரின் குழந்தைப் பருவத்தை மட்டும் மாதக்கணக்கில் கிளறிக்கொண்டிருக்கும் ஆலோசகரிடம் பணமும் காலமும் வீணாகும். அதனால்தான் முறை என்ன என்று கேட்பது அவசியமாகிறது.

முறை முக்கியம் என்பதற்காக மனிதர் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலான பிணைப்பு, இலக்கில் ஒத்த கருத்து, அதற்கான வேலையில் ஒத்த கருத்து ஆகிய மூன்றையும் சேர்த்தே சிகிச்சை உறவு என்று உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் வரையறுத்தார். 2018-இல் ஏறத்தாழ 300 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த உறவு எந்த அளவுக்குப் பலமோ அந்த அளவுக்குச் சிகிச்சையின் விளைவும் நன்றாக இருப்பது உறுதியானது. மூன்று, நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் எதிரே இருப்பவர் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றினால் அதை அவரிடமே சொல்லிவிடலாம். சொல்லாமல் போன் எடுப்பதை நிறுத்திவிடுவதைவிட அது நல்லது. சொன்ன பிறகும் மாற்றமில்லையா, வேறொருவரைப் பார்க்கலாம். அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

எத்தனை நாள் ஆகும் என்பதற்கும் ஓரளவு பதில் உண்டு. உளவியலாளர் கென்னத் ஹோவர்ட் குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எட்டு அமர்வுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அளக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. 26 அமர்வுகளில் அது 75 விழுக்காடு ஆனது. ஒரே அமர்வில் அற்புதம் நடக்காது. ஆண்டுக்கணக்கில் எந்த மாற்றமும் இல்லாமல் இழுப்பதும் சரியில்லை. பெருநகரங்களில் தனியார் ஆலோசகர்கள் ஓர் அமர்வுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குவது சாதாரணம். கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் என்ன செய்வது, எத்தனை அமர்வுக்குப் பிறகு முன்னேற்றத்தைச் சேர்ந்து பரிசீலிக்கலாம் என்பதையெல்லாம் முதல் நாளே பேசிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் மருத்துவமனையில் சேராமல் செய்யும் செலவை ஏற்பதில் பாலிசிக்குப் பாலிசி வித்தியாசம் உண்டு.

நம் குடும்பங்களில் அதிகம் சிக்கல் வருவது ரகசியத்தில்தான். இருபத்தைந்து வயது மகனுடன் அம்மாவும் அறைக்குள் வந்து உட்காருவார். மகனிடம் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்வார். மறுநாள் அப்பா ஆலோசகருக்குப் போன் போட்டு, 'சார், பையன் என்ன சொன்னான்?' என்று கேட்பார். பாசத்தில் கேட்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் வயது வந்த ஒருவர் தனியாகப் பேச உரிமை உள்ளவர். சிகிச்சையில் சொன்னதை ரகசியமாகக் காப்பதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உரிமை தருகிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு முதலியன. இன்னொன்றையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி ஆலோசகர் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'எது வெளியே போகும், எது போகாது?' என்று தொடக்கத்திலேயே கேட்டு, பெற்றோர் காதிலும் அதைப் போட்டுவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

கூடத்தில் டி.வி. ஓடும் இரண்டு அறை வீட்டில் ஆன்லைன் அமர்வு எடுப்பவர்களுக்கு இன்னும் சிரமம். மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், தோழியின் அறை என்று ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். காதில் இயர்போனும் இருக்கட்டும்.

சில அடையாளங்கள் தெரிந்தால் எழுந்து வந்துவிடுவதே நல்லது. மூன்று அமர்வில் முற்றாகக் குணம் என்று உத்தரவாதம் தருபவர், மனநல மருத்துவர் எழுதிய மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்பவர், மற்ற நோயாளிகளின் கதையைப் பெயர் சொல்லிப் பேசுபவர், சாதியையும் மதத்தையும் வைத்து அறிவுரை சொல்பவர், சிகிச்சைக்கு வெளியே நெருக்கம் தேடுபவர் யாராக இருந்தாலும் நம்பத் தகாதவர். கணவன் அடிக்கிறான் என்று வரும் பெண்ணிடம் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' என்று சொல்லி அனுப்புகிறவரும் இந்த வரிசையில்தான் வருவார். அடி வாங்குகிறவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் சட்ட உதவியையும் சொல்லாமல், தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துச் சமாதானம் பேசுவது அந்தப் பெண்ணை மேலும் ஆபத்தில் தள்ளும்.

தமிழ்நாட்டு அரசு செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. மனநல ஆலோசனை வழங்கும் ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு செயலியிலும் ஆலோசகரின் படிப்பு, பதிவு எண், கட்டணம் மூன்றையும் தமிழில் எழுதிவைப்பதைக் கட்டாயமாக்கலாம். புகார் கொடுக்க வேண்டிய முகவரியும் அதன் கீழேயே இருக்கட்டும். 1794-இலேயே சென்னையில் மனநல மருத்துவமனை கண்ட, 1984-இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் மனநோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கிய மாநிலத்துக்கு இது பெரிய வேலையில்லை.

பணம் இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே பார்ப்பதும் மருந்தும் இலவசம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.